நூல் அளந்த தூரம்

"பத்து மணி நேரம் ப்ளேன்ல உக்காந்து வந்த பிள்ளைய வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுறீங்களே, நல்லாவா இருக்கு?" அம்மா அப்பாவைக் கடிந்துகொண்டாள்.

மகன் திருதிருவென்று விழித்தான். "பத்து மணி நேரமா? யாரும்மா சொன்னா..."

"முதல்ல உள்ள வாடா நீ!" அப்பா அவன் தோளில் கை போட்டு அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின் அப்படியே இருந்தது. எதிர்ச்சுவரில் இருந்த பெரிய மேப்பைத்தான் காணோம். அது மாட்டியிருந்த இடம் மட்டும் வர்ணம் மங்காமல் பளிச்சென்று இருந்தது.

அப்பா பூகோள வாத்தியார். மகன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தச் சுவர்தான் மூவருக்கும் விளையாட்டு. அப்பா இரண்டு ஊர் பெயர் சொல்வார். அம்மா மெஷினிலிருந்து நூல் அறுத்துக் கொடுப்பாள். அவன் ஊருக்கு ஊர் நூலை வைத்து அளந்து, விமானம் எத்தனை மணி நேரத்தில் போகும் என்று கணக்குப் போட வேண்டும்.

கொஞ்சம் பிசகினாலும் போச்சு. "உன் ப்ளேன் கடல்ல விழுந்துடுச்சுடா!" என்பார் அப்பா. அம்மா சிரிக்கிற சிரிப்பில் மெஷினே நின்றுவிடும். அந்தச் சிரிப்புக்காகவே அவன் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதுண்டு. அதெல்லாம் ஒரு காலம்.

அந்தக் கறார் வாத்தியாரா இப்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்? அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒன்றரை மணி நேரப் பயணம்ப்பா! அம்மா வெகுளின்னா, என்ன வேணா சொல்லி ஏமாத்தலாமா?"

அப்பா கதவைச் சாத்தினார். "நீ வந்து எத்தனை வருஷமாச்சு?"

அவன் மெஷின் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான்.

"'ஏன் வரல, ஏன் வரல'ன்னு அவ கேக்கும்போது நான் என்னடா சொல்ல? கூப்பிடு தூரத்துல இருக்கறவன் வரலன்னா பெத்தவ மனசு விட்டுப் போயிடும். அதான் பழியைத் தூரத்து மேல போட்டேன். தூரம் கோவிச்சுக்காதுல்ல? மேப்பையும் சுருட்டிப் பரண்ல ஏத்திட்டேன்."

மகன் எழுந்து போய், சுவரில் மேப் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தான்.

கிளம்புகிற அன்று அப்பா டாக்சி பிடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்தார். அம்மா மெஷின் இழுப்பறையைத் திறந்து, துண்டு நூல் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"என்னம்மா இது?"

"நம்ம ஊருக்கும் உன் ஊருக்கும் நடுவுல இவ்வளவுதான். நீ வேலைக்குப் போன அன்னிக்கே அளந்து வெச்சுட்டேன்."

வாசலை எட்டிப் பார்த்துவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாகிட்ட மூச்சு விடாதே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தான் அந்த மனுஷன் நிம்மதியா தூங்குறார்."