நாலு மணித் தண்ணீர்

போனில் பதிவு செய்த பேச்சை மூன்றாவது முறையும் அழித்தாள்.

குரல் நடுங்கியது. நடுங்குகிற குரலில் சொன்னால் நல்ல சரக்கைக்கூட எவனும் வாங்க மாட்டான்.

மணி மூன்றரை. நாலுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள்.

நான்காம் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியவர்கள் குடிநீர்க் குழாயை உடைத்து, அப்படியே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். முந்தாநாள் வந்த தண்ணீரைக் குடித்த மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். ஒன்றுக்குக் கண் செருகிவிட்டதாம்.

வால்வு திறக்கிற வெயிலுமுத்து மத்தியானம் வாசலில் நின்று சொன்னது.

“அப்போ திறக்காதீங்க” என்றாள்.

“அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லட்டும் மதினி” என்று சைக்கிளை எடுத்தார்.

அண்ணாச்சி என்றால் தங்கப்பழம். அவள் கணவர். கட்சிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஒரு தடவை போனை எடுத்தார். “காண்ட்ராக்டர் ரெண்டு நாள்ல சரி பண்ணிருவான். அதுக்குள்ள நீ ஊரைக் கலைக்காத.” அதன்பிறகு எடுக்கவில்லை.

பதினான்கு தடவை கூப்பிட்டாள்.

கவுன்சிலர் அவரில்லை. அவள்தான்.

வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஓட்டு அவள் பெயரில் விழுந்தது. மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஞாயிறுதோறும் வார்டு வாட்ஸ்அப் குழுவில் “வணக்கம், உங்க கவுன்சிலர் பேசுறேன்” என்று தெருவிளக்கையும் தெருநாயையும் குப்பை வண்டியையும் பற்றிச் சொல்கிற குரல் அவருடையது. அவள் கையெழுத்துப் போடுவாள். வருகிறவர்களுக்குக் காபி போடுவாள்.

அந்த வார்டில் கவுன்சிலர் என்றால் மீசை இருக்கும்.

நாலாவது முறை அமுக்கினாள்.

“வணக்கம். இருபத்துமூணாம் வார்டு கவுன்சிலர் செல்வக்கனி பேசுறேன். இன்னைக்கு வர்ற தண்ணியக் குடிக்காதீங்க. சாக்கடை கலந்துருக்கு. பிடிக்கவே வேண்டாம். பிள்ளைங்க செத்துரும்.”

கடைசி வரி தாளில் எழுதி வைத்ததில் இல்லை. தானாக வந்தது.

அனுப்பிவிட்டாள்.

மூச்சு விடுவதற்குள் பதில்கள் விழுந்தன.

“யாரும்மா நீ?”

“கவுன்சிலர்னா அண்ணாச்சியில்ல? இது பொம்பளக் குரலா இருக்கு.”

“எதிர்க்கட்சிக்காரன் வேலை.”

“அண்ணாச்சி காலைலயே நாலு மணிக்குத் தண்ணின்னு சொல்லிட்டாக.”

யாரோ ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். இன்னொருவர் இரண்டு போட்டார்.

நான்தான் என்று எழுதத் தொடங்கினாள். பாதியில் பார்த்தால் அவள் குரலே அங்கே இல்லை. அட்மின் நீக்கிவிட்டார்.

அட்மின் தங்கப்பழம்.

பதினான்கு தடவை எடுக்காத போன் அவர் கையில்தான் இருந்திருக்கிறது.

அவள் செருப்பைத் தேடவில்லை.

நான்காம் தெரு முனைக்குழாய். இருபது இருபத்தைந்து குடங்கள். குழாய் காற்றைத் துப்பி, செருமி, ஒழுகத் தொடங்கியிருந்தது. முதலில் கலங்கல். பிறகு தெளிவு. பாவி மகள் தண்ணீர், கண்ணாடி மாதிரி வந்தது.

“ஏ, வழி விடுங்கடி. கவுன்சிலர் சம்சாரம் வந்துருக்காக.”

வழி விட்டார்கள். முதல் குடத்தையே அவளுக்கென்று நகர்த்திக் கொடுக்க வந்தார்கள்.

“பிடிக்காதீங்க. போன்ல பேசினது நான்தான். என் குரல்தான் அது. கேளுங்க, இதே குரல்தான?”

முன்னால் நின்ற பொன்மாரி அவள் முகத்தையே பார்த்தாள். காதைச் சாய்த்தாள். பிறகு குழாயடியிலிருந்து தன் குடத்தை ஒரு சாண் விலக்கினாள்.

ஒரு சாண்தான். பேரத்தில் அது போதும். ஒரு சாண் இறங்கியவர்கள் மீதியும் இறங்குவார்கள்.

அப்போது பொன்மாரி இடுப்பில் இருந்த போன் சிணுங்கியது. அடுத்தவள் போனும். அதற்கடுத்தவளுடையதும். ஆளுக்காள் அமுக்கினார்கள். வரிசை முழுக்க, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே குரல்.

“வணக்கம், உங்க கவுன்சிலர் பேசுறேன். ஏதோ ஒரு பொம்பள என் வீட்டுப் பேரச் சொல்லிப் புரளி கிளப்புறா. யாருன்னு தெரியல, விசாரிக்கச் சொல்லிருக்கேன். தண்ணி சுத்தமான தண்ணி. பயப்படாம பிடிங்க.”

யாருன்னு தெரியல.

இருபத்திரண்டு வருஷமாக அவரைச் சோறு தின்னக் கூப்பிட்ட குரல்.

பொன்மாரி குடத்தைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். சங்கடமாகத்தான் தள்ளினாள்.

செல்வக்கனி குழாயடிச் சேற்றில் உட்கார்ந்தாள். குடத்தை உருட்டிவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழாயின் வாயைப் பொத்தினாள். விரலிடுக்குகளில் தண்ணீர் பீய்ச்சியது. முகத்தில், கழுத்தில், சேலையில். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

யாரும் திட்டவில்லை. ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள். ஒருத்தி மாராப்பைச் சரிசெய்து விட்டாள். பின்னால் இருந்தவர்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருக் குழாய்க்கு ஓடினார்கள்.

பொன்மாரி குனிந்து, காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெல்லச் சொன்னாள்.

“பயப்படாதீங்க மதினி. அண்ணாச்சிக்குப் போன் போட்டாச்சு. இப்ப வந்து கூட்டிட்டுப் போயிருவாக.”