மத்தியான நொண்டல்

மத்தியான மாத்திரை மயக்கத்தில் டீச்சருக்கு ஒரு கனவு. அடிபட்ட பாதம் மட்டும் தனியாகக் கிளம்பி, யாரிடமும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.

டொக்... டொக்... டொக்...

கண்ணைத் திறந்த பிறகும் சத்தம் நிற்கவில்லை.

ஜன்னல் திரை காற்றில் உப்பி, மெல்ல அடங்கியது. கட்டில் ஓரமாகச் சாத்தி வைத்திருந்த ஊன்றுகோல்கள் இரண்டையும் காணோம். பாதி திறந்த கதவு வழியாக, ஹாலில் இருந்த பீரோ கண்ணாடியில் ஓர் உருவம் மிதந்து போனது.

டீச்சரின் வீட்டுக்காரர்! லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்தவர், வலது காலை மடக்கித் துண்டால் கட்டிக்கொண்டு, அக்குளில் ஊன்றுகோல்களைக் கொடுத்து, முகத்தைக் கோணலாக வைத்தபடி நொண்டிக்கொண்டிருந்தார்.

இதுவும் கனவுதான் என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாளும் அதே கனவு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தபோது டீச்சருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

மனுஷனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் அவர்கள் மாதிரியே நடந்து காட்டுவார். மேனேஜரின் வாத்து நடை, தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வருகிற டீச்சருடைய அண்ணனின் நடை, எல்லாம் தத்ரூபமாக வரும். உறவுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். டீச்சர்தான் முதலில் ஆரம்பித்து வைப்பார்.

இப்போது நம் முறை வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்ததும் டீச்சருக்குச் சுருக்கென்றது.

இருபது வருஷமாகப் பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகளை ஓடவைத்த விசில் டீச்சர் அவர். வெயில், மழை, சேறு எதிலும் விழுந்ததில்லை. விழுந்தது சொந்த வீட்டு பாத்ரூம் வாசலில். ஆபரேஷன், கணுக்காலுக்குள் ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ. ஆறு வாரம் முடிந்தது, இனி மெல்லக் காலை ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் ஒரு வாரம் ஆகிறது. டீச்சர் சக்கர நாற்காலியை விடுவதாக இல்லை. தரையைப் பார்த்தாலே அது தண்ணீர் மாதிரி அசைவது போலிருந்தது.

நாலாம் நாள், டொக் டொக் சத்தத்துக்கு நடுவே தொப்பென்று ஒரு சத்தம்.

டீச்சர் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். கையும் களவுமாக அகப்பட்டார் மனுஷன். சமையலறை வாசலில், கட்டிய காலோடு, தரையில்.

"நல்லா வருதா?" என்றார் டீச்சர்.

"நீ தூங்கலையா?"

"என் நொண்டல் நல்லா வருதான்னு கேட்டேன். யாருக்கு நடந்து காட்டப் போறீங்க? எங்க அண்ணனுக்கா, உங்க ஆபீஸ்லயா?"

"ஐயோ, அதில்லம்மா... சும்மா..."

"சும்மாவா? கால் உடைஞ்சு கெடக்கறவ உங்களுக்கு வேடிக்கையாப் போயிட்டேன்ல?"

அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஊன்றுகோல்களைப் பழைய இடத்திலேயே சாத்திவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, தலையணை நனைய அழுதார்.

சாயங்காலம் பிசியோதெரபி பெண் வந்தாள். அதற்குள் வீட்டுக்காரரும் திரும்பி வந்திருந்தார்.

"டீச்சர், இன்னிக்காவது எழுந்திருப்பீங்களா? இப்படியே விட்டா மூட்டு இறுகிடும். அப்புறம் கிரவுண்டுல நாற்காலி போட்டு உக்காந்துதான் விசில் ஊதணும்."

காலைப் பனியில் மைதானத்து வெள்ளைக் கோட்டின் ஓரமாகப் பிள்ளைகள் ஓடுவதும், கூடவே தானும் ஓடுவதும் கண்ணெதிரே வந்து கலைந்தது.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? பயமா இருக்கு. எங்க காலை வெச்சாலும் விழுந்துடுவேன்னு தோணுது" என்றவர், சட்டென்று குரல் மாறிச் சொன்னார். "வேணும்னா இவரை நடக்கச் சொல்லு. என்னைவிட நல்லா நொண்டறார்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். டீச்சரைத் தூக்கிவிடுவதற்காக அவர் முழுக்கைச் சட்டையை அப்போதுதான் மேலே சுருட்டியிருந்தார்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"சார், ரெண்டு முழங்கையும் என்ன இப்படித் தோல் உரிஞ்சு கெடக்கு?"

"விழுந்துட்டேன்."

"எங்க?"

அவர் டீச்சரை ஒரு தரம் பார்த்தார்.

"பாத்ரூம் வாசல்ல ரெண்டு தடவை. மிதியடி நழுவுச்சு, எடுத்துட்டேன். ஹால்ல டிவி வயர் தடுக்குச்சு, சுவரோரமா மாத்தியாச்சு. சமையலறை வாசப்படி தட்டும்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இப்ப வந்ததும் சரிவா ஒரு பலகை அடிச்சேன்."

"ஒத்தைக் காலைக் கட்டிக்கிட்டு நொண்டிப் பாத்தா கண்டுபிடிச்சீங்க?" என்றார் டீச்சர்.

"ரிப்பேர் பண்ணின லிஃப்ட்ல மெக்கானிக்தானே முதல்ல ஏறிப் பாக்கணும்? அப்புறம்தானே ஜனங்களை ஏத்தணும்?"

ஜன்னல் திரை உப்பி அடங்கியது. டீச்சருக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"மத்தியானம் அந்தக் கத்து கத்தினேனே. அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்கெங்க விழுந்தேன்னு சொன்னா நீ இன்னும் பயந்துடுவியே."

ஊன்றுகோல்களை டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

"இப்ப தைரியமா வா. இந்த வீட்ல விழ வேண்டிய இடத்துல எல்லாம் நானே விழுந்துட்டேன்."