சூடு எங்கே போகும்?

ஏ.சி. மெக்கானிக் ஸ்டூல் மேல் நின்றபடியே சிரித்துவிட்டான்.

கீழே எழுத்தாளர், போனில் டைரக்டருக்குப் புதுப்படத்தின் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். நூறு விண்கப்பல்கள், ஆயிரம் லேசர் பீரங்கிகள், மூன்று நாள் ஓயாத போர்.

"அப்புறம் கூப்பிடுறேன்" என்று போனை வைத்தார். "என்னப்பா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல சார். மூணு நாள் பீரங்கி சுட்டா, அந்தச் சூட்டுல கப்பலுக்குள்ள இருக்கிறவங்களே வெந்துடுவாங்களே."

"விண்வெளி முழுக்கக் குளிர். அதுகூடத் தெரியாதா?"

"ஃபிளாஸ்க்குல காபி ஏன் சார் ஆறுறதில்ல? ரெண்டு சுவருக்கும் நடுவுல காத்து கிடையாது. சூட்டை வாங்கிக்க ஆள் இல்ல. அங்கேயும் அதே கதைதான்."

எழுத்தாளரின் முகம் கறுத்தது. பதினெட்டு விண்வெளி நாவல் எழுதியவர்.

"இந்த மெஷின் குளிரைத் தயாரிக்கல சார். ரூம் சூட்டை அள்ளிட்டுப் போய் வெளியில கொட்டுது. உங்க கப்பல் எங்க கொட்டும்?"

"நீயே சொல்லேன், விஞ்ஞானி."

கிண்டல் அவனுக்கு உறைக்கவில்லை. ஸ்டூலை விட்டே இறங்கிவிட்டான்.

"பாய்மரம் மாதிரி பெரிய தகடு விரிக்கணும் சார். காத்து இல்லாட்டியும் சூடு அதுலேருந்து வெயில் மாதிரி கதிரா மெல்ல வெளியேறும். எதிரி கப்பலையே தொட வேண்டாம். தகட்டைக் கிழிச்சா போதும். சரணடையணும், இல்ல வேகணும். அதுதான் சார் சண்டை."

"கம்ப்ரஸரைப் பார்க்க வந்தவன் கம்ப்ரஸரைப் பாரு. ஸ்பானர் பிடிக்கிறவன்லாம் எனக்குக் கதை சொல்ல வந்துட்டான்."

மெக்கானிக் மறுபடி ஸ்டூலில் ஏறி வேலையை முடித்தான். கிளம்பும்போது, "தப்பா நினைக்காதீங்க சார். உங்க புத்தகம் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். அந்த உரிமையில பேசிட்டேன்" என்றான்.

கதவு சாத்தியதும் எழுத்தாளர் டைரக்டரை அழைத்தார்.

"காட்சியை மாத்துறேன். பாய்மரம் மாதிரி தகடு... ஆமா, மூணு மாசமா மண்டையைக் குடைஞ்சது... சொந்த யோசனைதான், வேற யார் சொல்வாங்க?"

சற்று நேரத்தில் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"எங்க மெக்கானிக் வேலை எப்படி சார்?"

"ஏ.சி. ஓடுது. ஆள் சரியில்ல. மரியாதை தெரியாத வாயாடி."

அந்தப் பெண் தயங்கினாள். "இதைப் புகாரா பதிஞ்சா அவருக்கு வேலை போயிடும் சார். வாயால கண்டிச்சு விட்டுடட்டுமா?"

"பதிஞ்சுடுங்க" என்ற எழுத்தாளர், பாய்மரக் காட்சியின் அடுத்த வரிக்குப் போனார்.