மிஞ்சியிருந்த வயல்

புது வீடுகளுக்கு நடுவே மிஞ்சியிருந்த ஒரே நெல்வயலையும் மண்ணடித்து மூடினார்கள். தவளைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று அதற்காகப் பிடிவாதமாக நின்றவள் பூங்கோதை. அதன்பிறகு சத்தம் அடியோடு நின்றுபோனது. அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து வீட்டு சுலோச்சனா கையில் கம்போடு மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"உங்க வீட்டுக்கும் வந்துச்சாக்கா?"

"எது?"

"பாம்பு. எங்க செருப்பு ஸ்டாண்டுல கெடந்துச்சு. அடிக்கப் போனா இந்தப் பக்கமா ஓடிருச்சு. தவளையத் தின்னுட்டுக் கெடந்ததுங்க, இப்பப் பசியில வீடு வீடா அலையுதுங்க."

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். பின்கதவு காலையிலிருந்தே திறந்து கிடந்தது. உள்ளே, தரையில் உட்கார்ந்து தனியாக விளையாடிக்கொண்டிருந்த அவள் குழந்தை, எதையோ பார்த்துக் கைகொட்டிச் சிரித்தது.