வீட்டுப் பிரசவம்

"குழந்தை நல்லாருக்கு. ஆனா உங்க மனைவிக்கு நஞ்சுக்கொடி பிரியல, ரத்தம் நிக்கல. உடனே ஆபரேஷன் பண்ணணும், கையெழுத்து போடுங்க!" என்று நர்ஸ் பேனாவை நீட்டினாள்.

லாரி ஓட்டும் அவன், பேனாவை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தான்.

"எடுத்ததுக்கெல்லாம் கத்தியா? நீ வீட்டுலதான்டா பொறந்தே. எந்த டாக்டர் வந்தான்? வெந்நீரும் ஒரு மருத்துவச்சியும் போதாதா?" என்று அம்மா முழங்கினாள்.

அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன், பேனாவை நர்ஸிடமே திருப்பி நீட்டினான்.

சாப்பிட மட்டுமே வாய் திறக்கும் அப்பா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார்.

"போடுடா கையெழுத்தை!"

"ஏன், இவன் வீட்டுல பொறந்ததுல என்ன குடிமுழுகிப் போச்சு?" என்று அம்மா சீறினாள்.

"உனக்கென்ன? எனக்குத்தான் முழுகுச்சு. இவனைப் பெத்தவ இதே மாதிரி ரத்தம் நிக்காமத்தான் செத்தா. அதனாலதானே நீ ரெண்டாந்தாரமா இந்த வீட்டுக்கு வந்தே!"