மாப்பிள்ளை வாங்கிய அடுப்பு

உதுமாலெவ்வை கல்முனைச் சந்தையில் அடுப்புப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்ற செய்தி, அவர் வீடு வந்து சேர முதலே அவர் மனைவி றஹீமாவின் காதுக்கு வந்துவிட்டது.

கொண்டு வந்தவள் பக்கத்து வளவு சபியா உம்மா.

சும்மா பார்க்கவில்லையாம். தகர வேலைக்காரனின் கடைக்கு முன்னால் குந்தியிருந்து, மடக்கு அடுப்பு ஒவ்வொன்றையும் விரிப்பதும் மடக்குவதுமாக ஒரே ஆராய்ச்சியாம். ஒன்றின் கால் மெல்லிசு, சேற்றில் புதையும் என்றாராம். இன்னொன்று மடக்கினாலும் சாக்குக்குள் அடங்காது என்றாராம். கடைசியாக ஒன்றுக்குள் சுள்ளி வைத்துக் கொளுத்தி, புகை எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்த்தாராம்.

"ஆம்பிளைக்கு என்னத்துக்கு புள்ள அடுப்பு?" என்று கேட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அவள் போய்விட்டாள்.

நியாயமான கேள்விதான். இந்தக் கரையோர ஊர்களில் வீடு பெண்ணின் சீதனம். அடுப்படி அவளுடைய ராச்சியம். மாப்பிள்ளை என்பவர் உடுத்த சாறனோடு வந்து குடியேறுகிறவர். அப்படிப்பட்டவர் அடுப்பு வாங்கினால், எங்கேயோ இன்னொருத்திக்குச் சோறாக்க இடம் பார்த்துவிட்டார் என்றுதான் ஊர் கதைக்கும்.

பொழுது சாய உதுமாலெவ்வை சாக்கோடு வந்தார். அடுப்பு வட்டைக்கு என்றார். இவர்களுடைய வயல்வெளிக்கு வட்டை என்று பெயர். கதிர் தள்ளும் காலம். பன்றி இறங்காமல், வாடி என்கிற காவல் குடிசையில் ஆள் தங்கிக் காவல் இருக்கத்தான் வேண்டும். அதெல்லாம் சரி. ஆனால் வாடியில் மூன்று கல் அடுப்பு ஒன்று காலங்காலமாகக் கிடக்கிறதே? இவரும் கூலிக்காரரும் அதில்தானே இறைச்சி ஆக்கித் தின்கிறார்கள்?

றஹீமா கெட்டிக்காரி. சண்டை பிடிக்கவில்லை. எப்படி எரிகிறது என்று பார்ப்போமே, இன்றைக்கு இறைச்சியை இதில் ஆக்குகிறேன் என்று சட்டியைத் தூக்கினாள்.

உதுமாலெவ்வை பாய்ந்து வந்து மறித்தார்.

"அதுல நீ ஆக்கப்படா."

"ஏன்?"

"ஏனெண்டு கேக்காத."

மடக்கிய அடுப்பைத் திரும்பச் சாக்குக்குள் போட்டார். சாக்குக்குள் ஒரு புதுச் சட்டியும் புது அகப்பையும் கிடந்ததை அவள் கண்டுவிட்டாள். சின்னச் சட்டி. இரண்டு பேருக்குத்தான் காணும்.

றஹீமாவுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. பெண்சாதி கை படக்கூடாத அடுப்பு வேறு யாருக்கு? சம்மாந்துறையில் ஒரு கைம்பெண் வீட்டு வாசலில் இவருடைய சைக்கிள் நின்றதாக எவனோ சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்ற பிறகு இப்படி ஒரு கேவலமா? கையும் களவுமாகப் பிடித்து, இந்த வீட்டுப் படியை இனி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிடுவது என்று முடிவுகட்டினாள்.

அதற்கு வழியும் இருந்தது. சோற்றுக் கூடை.

வாடிக் காவலுக்கு இருந்தவர்கள் தம்பிமுத்துவும் அவர் பெண்சாதி அன்னப்பிள்ளையும். போன வருசத்துச் சூறாவளியில் தோணியையும் குடிசையையும் பறிகொடுத்த தமிழ்ச் சனம். வயல் சொந்தக்காரரான உதுமாலெவ்வை அவர்களுக்குப் போடியார். அவர்களுக்குத் தினமும் றஹீமாதான் சோறு அனுப்புவாள். அவர்கள் மாடு தின்னாத ஆட்கள் என்று தெரிந்து மீனும் மரக்கறியும் மட்டுமே வைப்பாள். வீட்டில் இறைச்சிக்கும் மீனுக்கும் இருக்கிற ஒரே கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவித்தான் ஆக்குவாள். உதுமாலெவ்வை கூடையை வெறுமையாகக் கொண்டு வருவார், அன்னப்பிள்ளை உன் கறியைப் புகழ்ந்தாள் என்றும் சொல்லுவார். அந்தப் புகழ்ச்சியில் றஹீமாவுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

மறுநாள் அவர் வெளிக்கிட்ட பிறகு, கூடையை மறந்துவிட்டுப் போனார் என்ற சாட்டில் அவளே தூக்கிக்கொண்டு உழவு மெசினில் ஏறிவிட்டாள். உண்மையில் கூடையை ஒளித்து வைத்ததே அவள்தான்.

வரம்பில் நடந்து போகும்போதே புதிய அடுப்பின் புகை தெரிந்தது. அடுப்புக்கு முன்னால் ஒரு பெண்ணும் குந்தியிருந்தாள். றஹீமா எட்டி நடை போட்டாள்.

அன்னப்பிள்ளை. அறுபது வயது அன்னப்பிள்ளை, புதுச் சட்டியில் கீரை கடைந்துகொண்டிருந்தாள்.

றஹீமாவுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் சந்தேகம் முழுக்க விடவில்லை. மூன்று கல் இருக்க இது எதற்கு என்று கேட்டாள்.

அன்னப்பிள்ளை முதலில் மழுப்பினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"போடியார் ஒருத்தரிட்டயும் சொல்லப்படாண்டவர், மகள். அந்தக் கல்லுல மாடு ஆக்கிற. மாடு ஆக்கின அடுப்பும் சட்டியும் நாங்க புழங்கிறல்ல. கழுவினாலும் மனம் வராது. நாங்க அவல நனைச்சித் திண்டுபோட்டுக் கிடந்தத போடியார் கண்டுட்டார். அதுதான் இத வாங்கித் தந்தவர். வேற ஆரும் இதுல ஆக்கிராம, வேலை முடிஞ்சா மடக்கிப் பரணில தூக்கச் சொன்னவர்."

றஹீமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனிசனை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன் என்று கண்கூடக் கலங்கியது. அந்தக் கண்ணோடு குனிந்தபோதுதான், கையில் தொங்கிய கூடையைப் பார்த்தாள்.

"அப்ப, நான் அனுப்பின சோறு?"

வாடிக்குப் பின்னால் படுத்திருந்த கொழுத்த நாய்தான், கூடையைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது.