கை காட்டி வந்தவள்

"இவ்வளவு தூரம் எப்படிம்மா வந்தே?"

"பஸ் வரலடா. ரோட்டுல நின்னு கை காட்டினேன். முதல்ல லாரி, அப்புறம் பால் வண்டி, கடைசியா ஒரு கார்."

மகன் முகம் சுண்டிப்போனது.

"முன்பின் தெரியாதவன் வண்டியிலயா ஏறுவே? ஏதாவது ஆகியிருந்தா?"

"என்ன ஆகும்? லாரிக்காரர் தன் சாப்பாட்டுல பாதியக் கொடுத்தாரு. கார்க்காரர் வாசல்லயே இறக்கிவிட்டாரு. எல்லாரும் தங்கமான மனுஷங்க."

"காலம் கெட்டுக் கிடக்கும்மா. எவன் எப்படின்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?"

அம்மா அவன் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயுள் கைதிகளைப் பார்க்கும் நேரம் முடிந்ததென்று காவலர் மணியடித்தார். கம்பி வலையிலிருந்து விரல்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னிக்கு நீ கை காட்டினப்பவும் ஒரு தங்கமான மனுஷன்தாண்டா வண்டிய நிறுத்தினாரு. உன்னை ஏத்திக்கிட்டவருதான் வீடு போய்ச் சேரல."